சிக் ரூமில் நர்ஸுக்கு என்னதான் வேலை?

கேள்வி: எட்டு வருடம் தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் வேலை பார்த்துவிட்டு, இந்த ஜூனில் ஒரு மெட்ரிக் பள்ளியில் நர்ஸாகச் சேரப் போகிறேன். பிளாஸ்டர் ஒட்டுவதும் ஓ.ஆர்.எஸ். கலக்குவதும்தான் வேலை, நிம்மதியாக இருக்கலாம் என்கிறார்கள். உண்மையா? சேர்வதற்கு முன் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்:

பிளாஸ்டர் ஒட்டுவது உண்மைதான். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து ஒட்டுவீர்கள். அதில் பாதிக்கு அடியில் காயமே இருக்காது. யு.கே.ஜி. பிள்ளை விரலை நீட்டி "சிஸ்டர், இங்க" என்று காட்டும். கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினாலும் ஒன்றும் தெரியாது. ஒட்டி அனுப்பிவிடுங்கள், வாதாட வேண்டாம்.

நிம்மதி என்று சொன்னவர்கள் சிக் ரூமை வாசலில் நின்று பார்த்தவர்களாக இருக்க வேண்டும். நானும் வார்டிலிருந்துதான் இந்த வேலைக்கு வந்தேன், 17 வருடம் ஆகிறது. ஐ.சி.யூ.வில் நோயாளி ஃபைலோடு வருவார். ஏதாவது இறங்கினால் மானிட்டர் கத்தும், டியூட்டி டாக்டர் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பார். பள்ளியில் ஆயிரம் பிள்ளைகளுக்கு நீங்கள் ஒருவர். யார் நோயாளி என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். டாக்டர் போனில்தான். எதுவும் கத்தாது. அதனால் முதல் நாளே ஒரு நீளமான நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெதாஸ்கோப்பை விட அதுதான் அதிகம் உதவும்.

பெரும்பாலான பள்ளிகளில் ரெஜிஸ்டர் ஏற்கெனவே இருக்கும்: பெயர், வகுப்பு, 'தலைவலி', 'மாத்திரை கொடுக்கப்பட்டது'. இது கணக்குக் காட்டத்தான் உதவும். நீங்கள் இன்னும் நாலு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு வந்தான், எந்தப் பாடவேளையிலிருந்து வந்தான், காலையில் என்ன சாப்பிட்டான், எதில் பள்ளிக்கு வருகிறான்.

கடைசிக் கட்டத்தைப் பார்த்து என் எச்.எம். சிரித்தார். அதை நான் சேர்த்த கதையைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த மூன்றாவது வருடம் மழைக்காலத்தில், முதல் பாடவேளையிலேயே தலைவலி, குமட்டல் என்று பிள்ளைகள் வருவார்கள். ஒரு நாள் மூன்று பேர், மறுநாள் இரண்டு பேர். மூன்றாம் வகுப்பு ஒன்று, ஆறாம் வகுப்பு ஒன்று, எட்டில் ஒன்று. காய்ச்சல் இல்லை. அரை மணி நேரம் ஜன்னலோரம் உட்கார வைத்தால் சரியாகி வகுப்புக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு வகுப்பு மிஸ்ஸுக்கும் தன் வகுப்பிலிருந்து போனது ஒரே பிள்ளைதான் என்பதால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. நான் நோட்டைப் புரட்டும்போதுதான் அதே ஐந்தாறு பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் பட்டது. விசாரித்தால் எல்லோரும் ஒரே வேனில் வருகிறவர்கள், அதிலும் கடைசி சீட்டில். மழைக்காக ஜன்னலை ஏற்றிவிடுவார்களாம். சைலன்ஸர் பைப் விட்டுப்போய் புகை உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலியும் குமட்டலும்தான் அது அனுப்பும் கடிதம். அந்தத் தலைவலிகளுக்கு ஆளுக்கொரு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இந்த வேலையே இப்படித்தான் பிறந்தது. 1902இல் நியூயார்க் பள்ளிகளில் டாக்டர்கள் வந்து பிள்ளைகளைப் பரிசோதித்து, பேன், சொறி, படர்தாமரை, கண் நோய் என்று கண்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் யாரும் வைத்தியம் பார்க்கமாட்டார்கள், பிள்ளை தெருவில் விளையாடிக்கொண்டு நிற்கும். அந்த அக்டோபரில் லீனா ரோஜர்ஸ் என்ற நர்ஸை நாலு பள்ளிகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அவர் பள்ளியிலேயே மருந்து போட்டார், சாயங்காலம் வீடுகளுக்குப் போய்த் தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பலன் தெரிந்ததும் இன்னும் நர்ஸுகளைச் சேர்த்தார்கள். 1902 செப்டம்பரில் 10,567 பிள்ளைகளை வெளியே அனுப்பியிருந்த நகரம், மறு வருடம் செப்டம்பரில் 1,101 பேரைத்தான் அனுப்பியது. நம் ஊரில் இன்றும் பேன் பார்த்ததும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பச் சொல்லும் டீச்சர்கள் இருக்கிறார்கள். பேனுக்காக யாரும் ஒரு வகுப்பைக்கூட இழக்க வேண்டியதில்லை. சாயங்காலம் அம்மாவிடம் தனியாகச் சொன்னால் போதும். தனியாக, அதுதான் முக்கியம்.

சரி, வயிற்று வலிக்கு வருகிறேன். உங்கள் நோட்டில் பாதியை அதுதான் நிரப்பும்.

வயிற்று வலி என்று வருகிற பிள்ளையிடம் முதலில் மருந்தைப் பற்றிப் பேசாதீர்கள். உட்கார வையுங்கள், தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். ஆறே முக்காலுக்கு வேன் வந்துவிடும் என்பதால் ஒரு டம்ளர் பாலோடு வந்த பிள்ளைகள் ஏராளம். பிரேயரில் மயங்கி விழுவதும் பெரும்பாலும் இவர்கள்தான். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இப்போது காலை உணவு கொடுக்கிறார்கள், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. ஃபீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அது இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளை பசியோடு வராது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். என் அலமாரியில் எப்போதும் பொட்டுக்கடலையும் வெல்லமும் இருக்கும், வேர்க்கடலை வைப்பதில்லை. அது ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு.

அடுத்தது கழிவறை. வெட்கப்படாமல் கேளுங்கள். பள்ளிக் கழிவறை நாறுகிறது, தாழ்ப்பாள் இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைகள் இருப்பார்கள். மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று எல்லாம் அங்கிருந்து கிளம்புகிறவை. ஏழாம் வகுப்பில் ஒரே மாதத்தில் ஐந்து பேருக்கு நீர்க்கடுப்பு என்றால் மருந்து தேவைப்படுவது கழிவறைக் கதவுக்கு. தேதியோடு எழுதி எச்.எம். மேஜையில் வையுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும், எழுதிக் கொடுத்தால் தாழ்ப்பாள் வரும்.

பரீட்சை பயம், வீட்டுப்பாடம் எழுதாதது, பக்கத்து சீட்டுக்காரனின் தொல்லை, இதெல்லாமும் வயிற்றில்தான் வலிக்கும். அது நடிப்பு அல்ல. பிள்ளைக்கு வலிப்பது நிஜம், காரணம்தான் வயிற்றில் இல்லை. நோட்டில் பாடவேளைக் கட்டம் அதற்குத்தான். ஒரே பிள்ளை வாரம் தவறாமல் ஒரே பாடவேளையில் வந்தால், அந்த டீச்சரிடம் போய் நேரடியாகக் கேட்காதீர்கள். முதலில் பிள்ளையோடு இரண்டு மூன்று முறை சும்மா பேசுங்கள்.

ஆனால் இந்தக் கூட்டத்தில்தான் நிஜமான ஆபத்தும் ஒளிந்து வரும். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து, சில மணி நேரத்தில் வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, சாப்பாடு வேண்டாம் என்பது, குனிந்து நடப்பது: ஒரு காலில் குதிக்கச் சொல்லிப் பாருங்கள். குதிக்க முடியாமல் முகத்தைச் சுளித்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம், சாயங்காலம் வரை வைத்திருக்க வேண்டாம். ஆண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பையன் திடீரென்று அடிவயிறு வலிக்கிறது என்று வேர்த்துப்போய், வாந்தியோடு வந்தால், விரை வலிக்கிறதா என்று நீங்களாகக் கேளுங்கள். நர்ஸம்மாவிடம் அவன் தானாகச் சொல்லவே மாட்டான். விரை முறுக்கிக்கொண்டால் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். உங்களால் கேட்க முடியாவிட்டால் பி.டி. சாரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள், தாமதம் மட்டும் வேண்டாம். மூன்றாவது, வயிற்று வலி, வாந்தி, கூடவே இரண்டு மூன்று வாரமாக அடிக்கடி தண்ணீர் குடித்தல், அடிக்கடி பாத்ரூம் போதல், உடம்பு இளைத்தல். இது டைப் 1 சர்க்கரை நோய் முதல்முறையாகத் தலைகாட்டுவதாக இருக்கலாம். குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் போதும். சர்க்கரை மிக அதிகமாக இருந்து, மூச்சும் ஆழமாக வாங்கினால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி, நாளைக்கு இல்லை.

மாத்திரை விஷயத்தில் உங்கள் ஐ.சி.யூ. பழக்கத்தை வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டும். அங்கே ஆர்டர் இருக்கும், நீங்கள் கொடுப்பீர்கள். இங்கே ஆர்டரே இல்லாமல் "ஒரு மாத்திரை போட்டு அனுப்புங்க சிஸ்டர்" என்பார்கள். நர்ஸுக்கு மருந்து எழுத அதிகாரமில்லை. ஏதாவது ஆனால் அப்படிச் சொன்ன டீச்சர் பக்கத்தில் நிற்கமாட்டார். அதனால் சேரும்போதே நிர்வாகத்திடம் கேளுங்கள்: பள்ளிக்கு என்று ஒரு டாக்டர் உண்டா? எந்தெந்தத் தொந்தரவுக்கு, எத்தனை கிலோ எடைக்கு, எந்த மருந்து எவ்வளவு என்று அவர் கையெழுத்திட்ட தாள் உண்டா? பெற்றோர் சம்மதக் கடிதம் வாங்குகிறார்களா? மூன்றும் இல்லையென்றால் முதல் மாத வேலை அவற்றை உண்டாக்குவதுதான். அதுவரை தண்ணீர், ஓய்வு, ஈரத் துணி, வீட்டுக்குப் போன்.

தாள் வந்த பிறகும் பாராசிட்டமாலில்கூட ஒரு பொறி இருக்கிறது. காய்ச்சலடிக்கிற பிள்ளைக்குக் காலை ஏழு மணிக்கு சிரப் ஊற்றி அனுப்பிவிடுவார்கள். லீவு போட முடியாத அம்மா, பாவம், அவரும் என்ன செய்வார். பதினோரு மணிக்குக் காய்ச்சல் மறுபடி ஏறும், பிள்ளை உங்களிடம் வரும். கிலோவுக்கு 15 மில்லிகிராம், இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு முதல் ஆறு மணி நேரம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் காலையில் எதை, எவ்வளவு ஊற்றினார்கள் என்பது தெரியாது. கடையில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. 'ஒரு மூடி' என்று அம்மா சொல்வது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். போன் போட்டு, பாட்டிலை எடுத்து வாசிக்கச் சொல்லி, பிறகு கொடுங்கள். ஆஸ்பிரின் வேண்டாம். காய்ச்சல், வலி மருந்தான நிமசுலைடை 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2011லேயே தடை செய்துவிட்டார்கள். பழைய அலமாரிகளில் இன்னும் கிடக்கும், சேர்ந்த அன்றே தேடி எடுத்துப் போடுங்கள்.

அப்புறம், நாள்பட்ட நோயோடு படிக்கிற பிள்ளைகள். ஆயிரத்தில் இருபது முப்பது பேர் இருப்பார்கள், அதில் பாதிப் பெற்றோர் பள்ளியிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். "தெரிந்தால் சீட் தரமாட்டார்கள்", "பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம்." ஆண்டு ஆரம்பத்தில் அனுப்பும் படிவத்தில் 'நோய் உண்டா?' என்று கேட்டால் எல்லோரும் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள். 'தினமும் சாப்பிடும் மருந்து என்ன? இன்ஹேலர் உண்டா? எது ஒத்துக்கொள்ளாது? எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா?' என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரும்.

டைப் 1 பிள்ளைக்கு மதியம் இன்சுலின் எங்கே வைத்துப் போடுவது என்பதே பெரிய போராட்டம். பாத்ரூமில் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அறையில் திரைபோட்ட மூலையை அவர்களுக்குக் கொடுங்கள். பி.டி. வகுப்புக்குப் பிறகு கை நடுக்கம், வியர்வை, எரிந்து விழுவது என்றால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. மீட்டர் கையில் இல்லையென்றால் யோசிக்காமல் சர்க்கரையைக் கொடுத்துவிடலாம். நினைவு தப்பிய பிள்ளையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. முக்கியமாக, சர்க்கரை குறைந்த பிள்ளையைத் தனியாக சிக் ரூமுக்கு நடத்தி அனுப்பக் கூடாது, நீங்கள்தான் வகுப்புக்கு ஓட வேண்டும். இதை டீச்சர்களுக்கு ஒவ்வொரு ஜூனிலும் சொல்லுங்கள், ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பரீட்சை ஹாலில் மிட்டாயோ பிஸ்கட்டோ வைத்திருக்கக் கூடாது என்று யாராவது சட்டம் பேசினால், சி.பி.எஸ்.இ. 2017லேயே பொதுத் தேர்வு எழுதும் டைப் 1 பிள்ளைகளுக்கு அதை அனுமதித்துவிட்டது என்று சொல்லுங்கள். வேறு போர்டு பள்ளி என்றாலும் அந்தப் பேச்சு வேலை செய்கிறது.

ஆஸ்துமாப் பிள்ளையின் இன்ஹேலர் அதன் பையில்தான் இருக்க வேண்டும், உங்கள் பீரோவில் பூட்டியிருந்து பயனில்லை. இன்ஹேலர் மருந்தை மெதுவாக உள்ளே இழுக்க உதவும் ஸ்பேசர் குழாயை வாங்கப் பள்ளி மறுத்தால், அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் நுழையும் அளவு ஓட்டை போட்டுச் சமாளிக்கலாம். கேலிக்கூத்துபோலத் தெரியும், நன்றாகவே வேலை செய்யும். நிலக்கடலை, முட்டை, குளவிக்கடி என்று உடம்பு முழுக்கத் தடிப்பு வந்து மூச்சும் திணறினால், அதற்கு மருந்து அட்ரினலின் ஒன்றுதான். சாதாரண அலர்ஜிக்குப் போடும் அவில் ஊசி அதற்கு ஈடாகாது. வெளிநாட்டில்போலத் தானாகக் குத்தும் பேனா இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பூலும் சிரிஞ்சும் எடைவாரி அளவு எழுதிய அட்டையும் ஒரே டப்பாவில் இருக்கட்டும், அந்த அளவையும் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

வலிப்பு வந்தால் நீங்கள் போய்ச் சேருவதற்குள் யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணித்திருப்பார்கள். திட்டாதீர்கள், வாங்கி வைத்துவிட்டு மணியைப் பாருங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் ஏதாவது மெத்தென்று, வாயில் ஒன்றும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. நிமிடக் கணக்குச் சரியாகத் தெரிந்திருந்தால் டாக்டருக்கு அதுவே பாதித் தகவல்.

மற்ற முதலுதவிகளில் நீங்கள் சண்டை போட வேண்டியது நல்ல மனதுக்காரர்களோடுதான். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்க வைப்பார்கள், ரத்தம் தொண்டைக்குள் போகும். முன்னால் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற பாகத்தைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். காயத்தில் காபிப்பொடியும் சுட்ட இடத்தில் பேஸ்ட்டும் அப்பிவிடுவார்கள், இரண்டும் கூடாது. விழுந்து முன்பல் வேரோடு வந்துவிட்டால் அதைக் கழுவித் துடைத்துத் தாளில் மடித்துத் தருவார்கள். நிலைத்த பல்லாக இருந்தால் வேரைத் தொடாமல் எடுத்து, கேன்டீன் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போனால் திரும்ப ஊன்ற வாய்ப்பு உண்டு. இந்த ஒன்றை ஆயாம்மாக்களுக்கும் சொல்லி வையுங்கள், மைதானத்தில் முதலில் ஓடுகிறவர்கள் அவர்கள்தான்.

நாய்க்கடியைப் பிள்ளைகள் மறைப்பார்கள். வேலி தாண்டிப் பந்து எடுக்கப் போனது தெரிந்துவிடும் என்ற பயம். நகக்கீறல் என்றாலும் 15 நிமிடம் குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள், அன்றே தடுப்பூசி. அதற்குப் பிறகு வரும் ஊசி நாட்களை உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஊசி போட்டுக்கொண்டு மீதியை விட்டுவிடும் வீடுகள் உண்டு.

தொற்று நோய்க்கு அதிகம் பயப்பட ஒன்றுமில்லை. மெட்ராஸ் ஐ பார்த்தாலே ஒட்டாது, தொட்டால்தான். சின்னம்மை விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். வீட்டில் வேப்பிலை வைத்திருப்பார்கள், 'மருந்து' என்ற வார்த்தையே பிடிக்காது. அந்த நம்பிக்கையோடு மோத வேண்டாம், எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு கட்டிய பிறகு அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதே நாளில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது, பலரும் மறப்பது. அந்த வகுப்புக்குப் போகிற டீச்சர்களில் கர்ப்பமாக இருப்பவர் யார் என்று பார்த்து அவரிடம் சொல்ல வேண்டும். சின்ன வயதில் அம்மை வராதவராக இருந்தால் அவர் உடனே தன் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் உங்களைப்போல நிரந்தர நர்ஸ் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வருகிறவர்களும், பிள்ளைகளின் உடல்நலத்துக்காக 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுவும்தான். அவர்கள் வருடம் ஒரு முறை பரிசோதித்து, பிறவிக் குறைபாடு, கண், காது, பல், இதயம் என்று சந்தேகம் வந்தால் மாவட்ட மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். திட்டம் நல்ல திட்டம். ஆனால் அந்தச் சீட்டு புத்தகப் பையின் அடியிலேயே கிடந்து மக்கிப்போகிறது, பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் கூலியை விட வேண்டுமே. தனியார் பள்ளியிலும் இதே கதைதான், கண் பரிசோதனை முகாம் நடத்தி போட்டோ எடுத்துப் போடுவார்கள். 6 மீட்டர் அட்டையில் கடைசி வரிகள் தெரியாத பிள்ளை கண்ணாடி போட்டதா என்று இரண்டு மாதம் கழித்துப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்.

குடற்புழு மாத்திரை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். அல்பெண்டசோல் 400, மென்று சாப்பிட வேண்டும், சின்னவர்களுக்குப் பொடித்துக் கொடுங்கள், தொண்டையில் சிக்கும். வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது, ஆகவே இது சடங்கு மாத்திரை அல்ல. வெறும் வயிற்றில் கொடுத்து ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் வரிசையாகப் பத்துப் பேர் எடுப்பார்கள், பத்திரிகையில் செய்தி வரும், அதற்கப்புறம் அந்த ஊரில் யாரும் மாத்திரையைத் தொடமாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், மலம் கறுப்பாகப் போகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள பெண் பிள்ளைகளுக்கு உங்கள் அறைதான் அடைக்கலம். முதல் மாதவிடாய் பள்ளியில் வந்தால் பல பிள்ளைகள் அடிபட்டுவிட்டது என்றுதான் நினைக்கும். நாப்கின், மாற்று உள்ளாடை, ஒரு பாவாடை அலமாரியில் இருக்கட்டும். அம்மாவுக்குப் போன் போடுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கோ ஸ்டாஃப் ரூமுக்கோ செய்தி போகக் கூடாது. சில வீடுகளில் சடங்கு முடியும் வரை பத்துப் பதினைந்து நாள் அனுப்பமாட்டார்கள். அந்த நாட்களில் நோட்ஸ் கொடுத்து அனுப்ப ஒரு தோழியை ஏற்பாடு செய்துவிட்டால் பிள்ளை திரும்பி வருவது எளிதாகும்.

இதே அறையில்தான் ஒரு நாள், யாரும் கேட்க விரும்பாத ஒன்றையும் ஒரு பிள்ளை சொல்லும். திரும்பத் திரும்ப வரும் நீர்க்கடுப்பு, விளக்கமில்லாத காயம், ஒரு ஆளின் பெயர் வந்ததும் பேச்சு நிற்பது. பிள்ளை வாய் திறந்தால் குறுக்கே கேள்வி கேட்காதீர்கள், துருவாதீர்கள். அது சொன்ன வார்த்தைகளை அப்படியே, உங்கள் திருத்தம் இல்லாமல், தேதி நேரத்தோடு எழுதுங்கள். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று சத்தியம் செய்துவிடாதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் போலீஸிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. 'பள்ளிப் பெயர் கெட்டுவிடும், நாமே பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் இந்த வரியை அமைதியாக வாசித்துக் காட்டுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு நீங்களே அழைக்கலாம், யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கடைசியாக, வேலையில் சேர்ந்த முதல் வாரம். மருந்துப் பெட்டியைச் சரிபார்ப்பதற்கு முன் பள்ளியை ஒரு சுற்று நடந்து பாருங்கள். மூன்றாவது மாடியிலிருந்து ஸ்ட்ரெச்சர் இறங்குமா, படிக்கட்டு திரும்பும் இடத்தில் மாட்டிக்கொள்ளுமா? 108 வந்தால் எந்த கேட் வழியாக மைதானம் வரை வரும்? எங்கள் பள்ளியில் அது பின்கேட். ஒரு விளையாட்டு விழா அன்று அதைத் திறக்க வேண்டியிருந்தபோது, சாவி வைத்திருந்த வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். பிள்ளையைக் கையில் தூக்கிக்கொண்டு முன்கேட்டுக்கு ஓடினோம். நல்லவேளை, வெறும் கை முறிவு. மறுநாள் அந்தச் சாவிக்கு இன்னொன்று அடித்து வாங்கி சிக் ரூம் ஆணியில் மாட்டினேன். இன்னும் அங்கேதான் தொங்குகிறது, மாதம் ஒரு முறை போய்ப் பூட்டுக்கு எண்ணெய் விட்டுத் திறந்து பார்த்துவிட்டு வருவேன்.